கிராம்பு எண்ணெய்க்கு வந்த கெட்ட பெயர்

என் சரக்கைக் குறை சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அரபு நாட்டில், தேரா மசாலா சூக்கில், அதாவது மசாலாச் சந்தையில், லுக்மான் கடைக் கிராம்பு எண்ணெய் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். எழுபத்தாறாம் வருஷம் அந்த எண்ணெயைப் பற்றித்தான் அழகுமலை வந்து, "இதுக்குக் கேக்கல பாய்" என்றான்.

அழகுமலை கட்டட வேலைக்காரன், பரமக்குடிப் பக்கம். விரலிடுக்கிலும் இடுப்பிலும் சொறி. தோலுக்குள் குடியேறும், கண்ணுக்குத் தெரியாத பூச்சியால் வருவது. கம்பெனி டாக்டரிடம் போனால் ஆட்கள் தங்கும் கேம்ப் முழுக்கத் தெரிந்துவிடும் என்று என்னிடம் வந்திருந்தான். எண்ணெயைத் தேங்காய் எண்ணெயில் நன்றாகக் கலந்து, கழுத்து முதல் கால் வரை பூசச் சொன்னேன். முதலில் சொறி குறைந்தது. ஆனால் பத்து நாளில் திரும்பவும் வந்துவிட்டது. இன்னும் ஒரு மாதத்தில் அவனுக்கு லீவு. ஊரில் அவன் இதுவரை முகம் பார்க்காத பெண் குழந்தை, எட்டு மாதம். இந்தக் கையால் அதைத் தூக்க மாட்டேன் என்றான். அவன் போனதும் நாலு பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். சரக்கில் பழுதில்லை.

அதே வாரம் உமாபதி என்ற இன்னொரு கட்டட வேலைக்காரனும் வந்தான். அவனுக்கும் அதே சொறி, அதே எண்ணெய், அதே புகார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று இருவருமே என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்கள். வாடிக்கையாளரின் நோயை வெளியே சொல்கிறவன் கடையை ஈ காக்காய் அண்டாது. அதனால் ஒருவனைப் பற்றி மற்றவனிடம் நான் மூச்சு விடவில்லை.

படுக்கையையாவது வெயிலில் போட்டாயா என்று உமாபதியிடம் எரிந்து விழுந்தேன். அவனுக்கு நைட் டியூட்டி. காலையில் வந்து படுப்பானாம். அவன் எழுந்து போனதும் அதே கட்டிலில் பகல் டியூட்டி ஆள் படுப்பானாம். கட்டில் காலியாகவே இருப்பதில்லை. அந்த ஆள் யார் என்று கேட்டேன்.

"அழகுமலைன்னு ஒருத்தன். நல்லவன் பாய். அவனுக்கு ஒட்டிரக் கூடாதேன்னுதான் பயம்மா இருக்கு."

தலையில் அடித்துக்கொண்டேன். இவன் விரட்டிய பூச்சி கட்டில் வழியாக அவனிடம் போக, அவன் விரட்டியது இவனிடம் வந்திருக்கிறது. மெத்தையில் வீசிய கிராம்பு வாசனையை ஒவ்வொருவனும் தன்னுடையது என்றே நினைத்திருக்கிறான். நடுவில் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு நான்.

சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் அல் குசைஸ் கேம்புக்குப் போய், இருவரையும் எதிரெதிரே நிறுத்திச் சொல்லிவிட்டேன். தலை குனிந்து நின்றார்கள். பிறகு உமாபதி சட்டையைக் கழற்றினான். ஒருவர் முதுகில் ஒருவர் எண்ணெய் பூசிக்கொண்டார்கள். அறையில் இருந்த மற்ற ஆறு பேரையும் நான் விடவில்லை. துணியெல்லாம் வெந்நீரில் கொதித்தது. மூன்று நாள் மெத்தைகள் வெயிலில் கிடந்தன, ஆட்கள் தரையில் படுத்தார்கள். அடுத்த வெள்ளியும் எல்லோருக்கும் பூச்சு.

லீவுக்கு முந்தின நாள் அழகுமலை கடைக்கு வந்து விரல்களை விரித்துக் காட்டினான். தோல் சுத்தமாக இருந்தது. அரிப்பு நின்று ஒரு வாரம் ஆகிறதாம். ஆனாலும் கிளம்பாமல் நின்றான்.

"மெய்யாவே பிள்ளையத் தூக்கலாமா பாய்?"

தூக்கலாம் என்று சொன்னேன். அவன் நம்பவில்லை. எத்தனை முறை சொல்வது? கடைக்கு மேலேதான் என் வீடு. மாடிக்குப் போய், மனைவி ஷம்சியா என்ன ஏது என்று கேட்பதற்குள் எங்கள் ஐந்து மாத மகளை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தேன். எனக்கும் உள்ளூரப் பயம் இல்லாமல் இல்லை. அவள் அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தாள். அழகுமலை அழுதுகொண்டே அவளை வைத்திருந்தான். அவளைத் திருப்பித் தரச் சொல்லி நான் கேட்கவில்லை.