மருந்து வைத்தவள்

அங்கம்மாவின் சந்தேகம் இன்று நேற்று வந்ததல்ல. சிங்கள ஊரான கித்துல்கலப் பக்கமிருந்து நிரோஷா மருமகளாக வந்து அடுப்பைப் பிடித்த நாளிலிருந்தே, அவள் சாப்பாட்டில் மருந்து வைத்துத் தன் மகன் சுதாகரனை மயக்கிவிட்டாள் என்றுதான் நம்பினாள். இல்லாவிட்டால், பெற்றவளை எதிர்த்துப் பேசாத பிள்ளை பெண்டாட்டிக்கு வக்காலத்து வாங்குவானா?

மலம் தார் மாதிரி கறுத்துப் போகிறது என்று அவன் சொன்னதும் அவளுக்கு உறுதியாகிவிட்டது. மறுநாள் ரப்பர் மலையில் மரப்பால் வாளியோடு மயங்கி விழுந்தான். யட்டியாந்தோட்டையில் வேன் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போர் ஓய்ந்து சமாதானப் பேச்சு நடந்த காலம், வழியில் சோதனைச் சாவடிகளில் யாரும் மறிக்கவில்லை. இரத்தம் ஏற்றி, வாய்வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்த்தார்கள்.

"கொழாயில மருந்து ஆம்புடும். அப்பத் தெரியும் இவ யோக்கியதை," என்று வார்டு வாசலில் அங்கம்மா கறுவிக்கொண்டிருந்தாள். மருமகள் அழுததுகூட அவளுக்கு நடிப்பாகத்தான் பட்டது.

டொக்டர் வெளியே வந்து நிரோஷாவிடம் சிங்களத்தில் பேசினார். அங்கம்மாவின் அரைகுறைச் சிங்களத்துக்குப் பிடிபட்டது ஒரே சொல்தான்: பெஹெத். மருந்து.

"பாத்தியா! டொக்டரே மருந்துங்கிறாரு! என்னா வச்சேன்னு சொல்லுடி!"

"அது இல்லைங்க மாமி. சிறுகொடல் தொடங்குற எடத்துல புண்ணாம். அதுலதான் ரத்தம் கசிஞ்சிருக்கு. ஊசி போட்டு நிப்பாட்டிட்டாங்க, உசுருக்குப் பயமில்லையாம். வலி மாத்திரை தொடர்ந்து போட்டா இப்படி வருமாம். அப்படி ஏதும் போட்டாரான்னு கேக்குறாரு."

"கதைய மாத்தாத. வாளி தூக்கி முதுகு வலிக்குதுன்னான், என் முழங்கால் மாத்திரையத்தான் தெனம் குடுத்தேன். ஒன் ரொட்டிய நம்பாம, வெறும் வயித்துல, தேத்தண்ணியோட, நானே என் கையால..."

அங்கம்மாவின் கை முந்தானை முடிச்சிலிருந்த மாத்திரைகளைப் பொத்திக்கொண்டது.

மாத்திரை என்ற சொல் புரிந்த டொக்டர் அங்கம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னவோ கேட்டார். நிரோஷா பதில் சொன்னாள். தன்னை மாட்டிவிட்டாள், இத்தனை நாள் வாங்கிய ஏச்சுக்கெல்லாம் சேர்த்து மாட்டிவிட்டாள் என்றே அங்கம்மா நினைத்தாள். மகன் கண்விழித்துக் கேட்டால் எந்த முகத்தோடு நிற்பது?

டொக்டர் உள்ளே போனதும் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னாடி கேட்டாரு? நீ என்னா சொன்ன?"

"யாரு குடுத்ததுன்னு கேட்டாரு. நம்ம வீட்டுலதான், தெரியாமக் குடுத்துட்டோம்னு சொன்னேன்."

அங்கம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, மிச்சமிருந்த மாத்திரைகளை நிரோஷாவின் கையில் வைத்தாள்.

"அவனுக்குக் கஞ்சி நீயே வச்சுக் கொண்டா, தாயி."