ஒன்பதாயிரத்து நூற்று ஐம்பது நாள் விடுப்பு

2024 ஏப்ரல் எட்டாம் தேதி திங்கட்கிழமை காலை, டச்சுக்காரர்கள் கட்டிய சதுரங்கப்பட்டினம் கோட்டை வாசலுக்கு எதிரே இருக்கும் பிரிசில்லா ஜெராக்ஸ் கடையின் கம்ப்யூட்டர் டச்சு மொழிக்கு மாறிவிட்டது. அது டச்சு என்று முதலில் யாருக்கும் தெரியாது. ஆங்கிலத்தில் அடித்தாலும் தமிழில் அடித்தாலும் ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் சிவப்பு நெளிகோடு விழுந்தது, அவ்வளவுதான். திரையோடு நின்றிருந்தால் பிரிசில்லா பொறுத்துப் போயிருப்பாள். கோடு பேப்பரிலும் வந்தது. கடையில் இருந்ததோ கறுப்பு மை மட்டும் போடுகிற பிரிண்டர். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கும் மனு, டி.சி. கேட்கும் கடிதம், படகுப் பதிவு விண்ணப்பம் எல்லாம் சிவப்பு அலையோடு போய் சிவப்பு அலையோடு திரும்பி வந்தன. டைப்ரைட்டிங் ஹையரில் இரண்டு மொழியிலும் முதல் வகுப்பு வாங்கியவள் அவள். அடுத்தவர் கொல்லையில் தலைமுறை தலைமுறையாக வேர்க்கடலை பிடுங்கிய குடும்பத்தில், தன் பெயர் எழுதிய கடைக்கு ஷட்டர் தூக்கிய முதல் ஆளும் அவள்தான். அந்தக் கோட்டை யாரோ தன் நெற்றியில் இழுத்த மாதிரி இருந்தது அவளுக்கு.

கட்டடத்துச் சொந்தக்காரர் சுப்புராமன். கல்பாக்கம் பக்கத்து அலுவலகம் ஒன்றில் லீவு செக்‌ஷனை முப்பது வருஷம் ஆண்டவர். அவர் காலத்தில் அங்கே லீவு வாங்குவதைவிட ராஜினாமா செய்வது சுலபம் என்பார்கள். ஓய்வு பெற்ற பிறகு தினம் ஒரு மனு எழுதுவதை வைத்துக்கொண்டார். தெருநாய், தெருவிளக்கு, பஸ் நிற்காமல் போனது, பஸ் நின்றும் கதவு திறக்காதது என்று விஷயத்துக்குப் பஞ்சமில்லை. எல்லாம் பிரிசில்லா கடையில்தான் அடிப்பார். தெருநாய் பற்றிய ஆங்கில மனு தலையிலிருந்து கால் வரை சிவந்து வந்த அன்று, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “ஜூன் பதினஞ்சுக்குள்ள சரி பண்ணும்மா. இல்லேன்னா கடையைக் காலி பண்ணிடு, மொபைல் கவர் விக்கறவன் ஒருத்தன் கேட்டிண்டிருக்கான்” என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார்.

கேளம்பாக்கத்திலிருந்து ரஞ்சித்குமார் வந்தான். அந்தப் பக்கத்தில் அவன் கை வைத்துச் சரியாகாத கம்ப்யூட்டர் இல்லை. எழுத்துப்பிழை பார்க்காதே என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பார்த்தான், இல்லை. எல்லாச் சொல்லையும் மொத்தமாகப் பிடித்து மொழியை ஆங்கிலம் என்று மாற்றினான், கண்ணெதிரே அது மறுபடி டச்சு என்று மாறிக்கொண்டது. சாஃப்ட்வேரை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டான், புதியதும் டச்சு. கடைசியில் பொறுமை போய், கம்ப்யூட்டர் பெட்டியைப் பைக்கில் கட்டிக் கேளம்பாக்கம் கொண்டுபோனான். அங்கே அது ஒழுங்காக வேலை செய்தது. மாமல்லபுரத்தில் ஒரு டீக்கடையில் இறக்கிப் பார்த்தான், அங்கேயும் நல்ல ஆங்கிலம். புதுப்பட்டினத்திலும் குறை இல்லை. கோட்டை வாசல் வந்ததும் டச்சு. தன் சொந்த லேப்டாப்பைத் திறந்து பார்த்தான், அதுவும் டச்சு.

“மிஷின்ல ஒண்ணியும் இல்லக்கா,” என்றான். “எடத்துலதான் இன்னாவோ கீது.” அதற்குமேல் அவன் வரவில்லை. போகும்போது கோட்டையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனதாகச் சொல்கிறார்கள்.

மே மாதம் முழுக்க பிரிசில்லா கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டினாள். ஜூன் மூன்றாம் தேதி எரிச்சல் தலைக்கேறி, சரிதான் போ, உன் இஷ்டப்படியே எழுது என்று தெருநாய் மனுவைத் திறந்தாள். சிவப்புக் கோட்டின் மேல் ரைட் கிளிக் செய்தால் பதில் சொல் காட்டும் அல்லவா, ஒவ்வொரு சொல்லுக்கும் அது காட்டிய முதல் சொல்லையே போட்டுக்கொண்டு போனாள். பக்கம் முடிந்தபோது ஒரு கோடுகூட மிச்சமில்லை. செல்போனில் மொழிபெயர்த்துப் பார்த்தாள். அது ஒரு லீவு லெட்டர். கோட்டையில் துணிமூட்டைப் பதிவேடு எழுதும் யாக்கோபு என்ற டச்சுக் குமாஸ்தா, 1719-ல் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஒருநாள்கூட விடுப்பு எடுத்ததில்லை என்றும், பழவேற்காட்டில் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்றும், இன்னும் முகம் பார்க்கவில்லை என்றும், முப்பது நாள் அனுமதிக்க வேண்டும் என்றும் பணிவோடு கேட்டிருந்தார். பதிவேடு முடியட்டும் என்று மேலதிகாரி சொன்னதாகவும், அது முடிவதற்குள் காய்ச்சலில் தான் இறந்துவிட்டதாகவும் அடியில் ஒரு குறிப்பு.

லீவு லெட்டரை யாரிடம் கொண்டுபோவது என்று பிரிசில்லாவுக்கு யோசனையே வரவில்லை. நேரே சுப்புராமனிடம் கொண்டுபோனாள். அவரும், இறந்தவர் எப்படி எழுதுவார் என்று கேட்கவில்லை. “விடுப்புக்கால முகவரி எங்கே?” என்று கேட்டுத் திருப்பினார். பிரிசில்லா கேள்வியை அடித்து, சிவந்த சொற்களை மாற்ற, ஏரிக்கரையில் புளியமரத்துக் கிணற்றுக்குப் பக்கத்து வீடு என்று பதில் வந்தது. தன் வேலையை யார் பார்ப்பார் என்று எழுதவில்லை என மறுநாள் திருப்பினார். மூட்டைகள் போய் இருநூறு வருஷமாகிறது என்று பதில். மூன்றாம் நாள், குழந்தை முகம் பார்ப்பது அவசரக் காரணம் ஆகாது என்று சிவப்பு மையில் எழுதினார்.

பிரிசில்லா அந்தப் பேப்பரை வாங்கிக்கொள்ளவில்லை. “எங்கப்பாவுக்கும் இதேதான் எழுதினீங்க சார்,” என்றாள். “உங்க ஆபீஸ் தோட்டக்காரர் சாம். ஞாயித்துக்கெழம போய் பாத்துக்கன்னீங்க. நான் பொறந்தது செவ்வாக்கெழம. அஞ்சு நாள் கழிச்சுத்தான் என்னப் பாத்தாரு.”

சுப்புராமன் பேப்பரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அந்த விண்ணப்பம் அவருக்கு நினைவிருந்தது. எல்லா விண்ணப்பமும் நினைவிருந்ததுதான் அவருடைய பிணி. பிறகு ஒரு வெள்ளைத்தாளில் கணக்குப் போட ஆரம்பித்தார். முந்நூற்றைந்து வருஷ சர்வீஸ், வருஷத்துக்கு முப்பது நாள், ஆக ஒன்பதாயிரத்து நூற்று ஐம்பது. ஈட்டிய விடுப்பு முந்நூறு நாளுக்கு மேல் சேராது என்பது விதி. அந்த விதியைச் சொல்லி எத்தனையோ பேர் வாயை அடைத்தவர் அவர். அதை எழுதினார், பார்த்தார், குறுக்கே கோடு போட்டு அடித்தார். மொத்த நாளையும் ஜூன் பத்தாம் தேதி முதல் அனுமதித்து, ஓய்வு பெற்றபோது திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்த ரப்பர் ஸ்டாம்பைக் குத்திக் கையெழுத்துப் போட்டார். பிரிசில்லா அதைக் கோட்டை வாசலில் வைத்துவிட்டு வந்தாள்.

ஜூன் பத்தாம் தேதி திங்கட்கிழமை காலை கோடுகள் நின்றன. அன்றைக்கே ஷேர் ஆட்டோ ஓட்டும் வரதன் கடைக்கு வந்து ஒரு சேதி சொன்னான்: “கோட்டையாண்ட ஒரு வெள்ளக்காரரு, இம்மாம் வெயில்ல கம்பளிக் கோட்டு போட்டுகினு நின்னுகினு இருந்தாரு. வாயே தொறக்கல. பேப்பர் ஒண்ணக் காட்னாரு, நம்ம சுப்புராமன் சார் கையெழுத்து, பழவேற்காடுன்னு போட்ருந்திச்சு. மாமல்லபுரத்துல மெட்ராஸ் பஸ்ல ஏத்தி வுட்டேன்.”

யாக்கோபு மறுபடி வேலையில் சேர வேண்டிய நாள் 2049 ஜூன் 29, செவ்வாய்க்கிழமை. கடையின் வாடகை ஒப்பந்தமும் அதற்கு முந்தின நாள் வரைக்கும் போடப்பட்டிருக்கிறது. பிரிசில்லாவே அடித்தாள், ஒரு கோடு விழவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு சுப்புராமன் இன்னொரு உத்தரவையும் அடிக்கச் சொன்னார். தோட்டக்காரர் சாமுக்கு, மகள் பிறந்த செவ்வாய் முதல் சனி வரை ஐந்து நாள் விடுப்பு, முப்பத்தொரு வருஷம் பின்தேதியிட்டு. அவள் அடித்து முடிக்க நேரமானது, எழுத்து கண்ணில் கலங்கிக்கொண்டே இருந்தது.

அன்று சாயங்காலம் சாம் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, கேட்காமலே பேச ஆரம்பித்தார். பிறந்த அன்று மகளுக்கு இடது காது மடங்கி ஒட்டியிருந்ததையும், மறுநாள் தான் விரலால் நீவிவிட்டதையும், மூன்றாம் நாள் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் மின்சாரம் போய் இரண்டு மணி நேரம் தான் அட்டையால் விசிறியதையும் சொன்னார். பிரிசில்லா அம்மாவைப் பார்த்தாள். புருஷன் வராததை முப்பத்தொரு வருஷமாகச் சொல்லிக்காட்டிய ஜெசிந்தா, கீரை ஆய்ந்துகொண்டே, “அஞ்சு நாளும் கட்டிலாண்டயே நின்னுகினு நர்ஸம்மாவ பேஜாரு பண்ணாரு இந்த ஆளு, வூட்டுக்குப் போன்னாலும் போவல” என்று அலுத்துக்கொண்டாள். பிரிசில்லா உத்தரவை லேமினேட் செய்து கடையில் மாட்டியிருக்கிறாள்.