கோட்டு அறையின் சுவர்

ஊர் நாலா பக்கமும் வீங்கியதில் பழைய தீயணைப்பு நிலையம் கடைத்தெரு நெரிசலுக்குள் மாட்டிக்கொண்டது. வண்டி வெளியே வருவதற்குள் தீ தன் வேலையை முடித்துவிடும். ஊருக்கு வெளியே புதிதாகக் கட்ட வரைபடம் போடும் வேலை கட்டடக்கலை படித்த தங்கைக்குக் கிடைத்தது. நிலையத்தின் தலைமை வீரரோ அவளுடைய சொந்த அண்ணன். இனி வேலை சுலபம் என்று நினைத்தவர்களுக்கு அண்ணனைத் தெரியாது.

சண்டை ஒரே ஒரு சுவருக்காக. தீயிலிருந்து திரும்புகிறவர்கள் கரி படிந்த தீயணைப்புக் கோட்டை வண்டிக் கொட்டகையை ஒட்டிய தனி அறையில் கழற்றிவிட்டு, சுற்றிப் போய்க் குளித்துவிட்டுத்தான் படுக்கையறைக்கு வர வேண்டும். அந்தக் கரி உடம்புக்கு விஷம் என்பதால் இரண்டு அறைக்கும் நடுவே சுவர் போட்டிருந்தாள். ஆனால் அந்த ஆட்களுக்குக் கரிதான் கௌரவம். கோட்டைத் தலைமாட்டில் மாட்டிக்கொண்டுதான் தூங்குவார்கள். துவைத்துப் போட்டு வருகிறவனை 'புதுமாப்பிள்ளை' என்று கேலி பேசியே ஒருவழி பண்ணிவிடுவார்கள். எல்லோருடையதையும்விடக் கறுத்த கோட்டு அண்ணனுடையது. சுவரே கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றார். அவர் பேச்சுக்கு அங்கே மறுபேச்சு கிடையாது.

தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வரைபடத்தை முடிவு செய்யும் கூட்டத்தில், கரியைப் பற்றி மருத்துவர்கள் எழுதியதையெல்லாம் படித்துக்காட்டி அவர் வாயை அடைத்துவிடுவது என்று முடிவு செய்தாள். போகும் வழியில் ஆஸ்பத்திரியில் அண்ணியைப் பார்த்தாள். அண்ணிக்கு நுரையீரலில் புற்றுநோய். எதனால் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று மருத்துவர் கைவிரித்துவிட்டார். அண்ணன் வீட்டுக்கும் அதே கோட்டோடுதான் வருவார். அதைத் தட்டி, கிழிசல் தைத்து, படுக்கையறையில் மாட்டுவது இத்தனை வருஷமாக அண்ணியின் வேலை.

விஷயத்தைக் கேட்ட அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கரியைப் பத்திப் பேசாதேம்மா. எனக்குப் புரியாம இல்ல. அவருக்குப் புரிஞ்சா மனுஷன் உடைஞ்சுடுவார். சுவரைக் கட்டு, காரணத்தை மட்டும் சொல்லாதே."

தங்கைக்கோ, நாளைக்கு வேலைக்கு வரப்போகிற பிள்ளைகளின் உயிரைக் காப்பாற்றவும் வேண்டும், அண்ணன் தலையில் கல்லைப் போடாமலும் இருக்க வேண்டும். இதற்கு எந்தப் படிப்பும் உதவாது.

கூட்டத்தில் பொய் சொன்னாள். வண்டிச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கும், அதற்காகத்தான் சுவர் என்றாள். தாலாட்டுப் பாடவும் ஆள் உண்டா என்று ஒருவன் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. நகராட்சிப் பொறியாளர் சமாதானம் பேச வந்தார். சுவரும் இருக்கட்டும், ஆட்களின் வசதிக்கு அதில் ஒரு கதவும் இருக்கட்டும் என்றார். கதவு இருந்தால் எவன் சுற்றிப் போய்க் குளிக்கப் போகிறான்? சுவர் பேருக்குத்தான் நிற்கும். ஆனால் பொய் சொன்னவளுக்கு வாதாட வாய் ஏது? தலையாட்டிவிட்டாள்.

அப்போது அண்ணன் எழுந்தார்.

"சுவர் இருக்கட்டும். கதவு வேணாம்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கதவு வைத்தால் சத்தம் வருமே என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதோடு பேச்சு முடிந்தது.

வெளியே வந்ததும் அவளைத் தனியாக அழைத்துப் போனார். முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"சுவரை ஒத்துக்கிட்டா என் தப்பை ஒத்துக்கிட்ட மாதிரின்னுதான் இத்தனை நாள் அடம்பிடிச்சேன். ஆனா கதவு இருந்தா, என்னை மாதிரி எவனாவது கோட்டோட உள்ள போயிடுவான்."

அவள் வாயைத் திறப்பதற்குள் கையமர்த்தினார்.

"எனக்குத் தெரியும்னு உன் அண்ணிகிட்ட சொல்லிடாதே. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு அவ நிம்மதியா இருக்கா."