குரலுக்குப் போட்ட ஆஜர்

ஏணித் தொழிற்சாலையின் மேனேஜர் ஒரு செவ்வாய்க்கிழமை இறந்துபோனார். புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவருடைய குரல் மட்டும் வழக்கம்போல் வேலைக்கு வந்தது. "எவன்டா ஃபேனை ஓடவிட்டுட்டுப் போனது?" என்று வாசலிலேயே ஆரம்பித்தது. பட்டறையில் இருந்த நாற்பத்தொரு பேரும் எழுந்து நின்றார்கள். அவர் பேசும்போது யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது என்பது அங்கே பழக்கம். ஒருவரும் அலறியடித்து ஓடவில்லை. முந்தின நாள்வரை பயந்ததைவிட அதிகமாகப் பயப்பட இதில் என்ன இருக்கிறது? வருகைப் பதிவேடு வைத்திருந்த குமாஸ்தா, கை போன போக்கில், மேனேஜர் பெயருக்கு நேரே ஆஜர் என்று குறித்துவிட்டார். தவறு அங்கேதான் நடந்தது. ஆள் ஆஜராகும்போது அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட முடியாது என்று தலைமை அலுவலகம் எழுதிவிட்டது. குமாஸ்தா மறுநாளும் குறித்தார்; நிறுத்தினால் முதல் நாள் குறித்ததற்கு யார் பதில் சொல்வது?

தச்சர்களில் மூத்தவர்கள் இரண்டு பேர் மேனேஜரின் மனைவியிடம் போய், குரலை வீட்டோடு வைத்துக்கொள்ளும்படி கெஞ்சினார்கள். "இருபத்தாறு வருஷம் நான் கேட்டாச்சு. இனிமே நீங்களே வெச்சுக்கோங்க" என்று சொல்லி அந்த அம்மாள் கதவைச் சாத்திக்கொண்டார். அவரைக் குறை சொல்ல இதை எழுதுகிறவனுக்கு மனம் வரவில்லை.

இப்படிப் பதினோரு வருடம் ஓடியது. குரலுக்கு வயதாகவில்லை, ஒரு இருமல்கூட வரவில்லை. உடம்பு இருந்த காலத்தில் மதியம் அரை மணி நேரமாவது கண்ணயரும். இப்போது அதுவும் இல்லை. இரண்டு பேர் சிரித்துப் பேசிக்கொண்டால், தனித்தனியே இருவர் காதிலும் போய், மற்றவன் உன்னைப் பற்றிக் கோள் சொன்னான் என்று ஊதிவிடும். எதிர்த்துப் பேசிய மூன்று பேருக்கு வேலை போயிற்று. அரசர்கள் செத்து நூறு வருடம் கழித்தும் அவர்கள் ஆணைக்கு ஊர் நடுங்கியதாகப் பள்ளியில் படித்தோமே, அதைப் போலத்தான் இதுவும் என்று தச்சர்கள் தங்களைச் சமாதானம் செய்துகொண்டார்கள்.

ஏணிகளைச் சோதிக்க ஒரு பெண் இருந்தாள். ஒவ்வொரு ஏணியிலும் கடைசிப் படிவரை ஏறி, ஒரு தடவை குதித்துப் பார்த்து, இறங்கி, காய்ச்சிய இரும்பால் முத்திரை குத்துவது அவள் வேலை. பத்துக்கு ஒன்று ஏறினால் போதும் என்றது குரல். பிறகு ஐம்பதுக்கு ஒன்று என்றது. அவளும் மறுபேச்சில்லாமல் குத்தினாள். வீட்டில் தம்பியைப் படிக்கவைக்க வேண்டியிருந்தது. பன்னிரண்டாம் வருடம் அந்தத் தம்பி தீயணைப்புப் படையில் சேர்ந்தான். அடுத்த மாதமே, தொழிற்சாலையில் வழக்கமாக ஏணி வாங்கும் அதே படைக்குப் பத்து நாளில் நானூறு ஏணி வேண்டும் என்று ஆர்டர் வந்தது. மரம் இன்னும் காயவில்லை. "ஒண்ணுலயும் ஏற வேணாம், குத்து" என்றது குரல்.

அவள் ஒன்றைச் சுவரில் சாய்த்து ஏறினாள். ஏழாவது படி முறிந்து கீழே விழுந்தாள். சிராய்த்த முழங்காலோடு அடுத்த ஏணியில் ஏறி உச்சியில் உட்கார்ந்துகொண்டாள்.

"இறங்குடி கீழ!"

"நானூறையும் ஏறிப் பாத்துட்டு இறங்கறேங்க."

"வேலைய விட்டுத் தூக்கிடுவேன்!"

"உத்தரவுல கையெழுத்துப் போட உங்களுக்குக் கை இருக்குதுங்களா?"

அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே சந்தேகம் வந்துதான் கேட்டாள். இத்தனை வருடமாக யாருக்கும் தோன்றாத கேள்வி அது. எல்லோரும் குமாஸ்தாவைப் பார்த்தார்கள். மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பிய உத்தரவுகளில் கையெழுத்துப் போட்ட தன் வலது கையைக் குமாஸ்தா பார்த்துக்கொண்டிருந்தார். கால்வலிக்காரத் தச்சர் ஒருவர் முதலில் உட்கார்ந்தார். சாயங்காலத்துக்குள் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

நானூறு ஏணியைச் சோதிக்கப் பத்தொன்பது நாள் பிடித்தது. எழுபத்து மூன்று தேறவில்லை. குரல் அதனால் ஒன்றும் போய்விடவில்லை, கத்திக்கொண்டேதான் இருந்தது. பன்னிரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காததைப் பாராட்டித் தலைமை அலுவலகம் அதற்குப் பதவி உயர்வு கொடுத்து அழைத்துக்கொண்டது. அங்கே எழுந்து நிற்க ஆட்கள் அதிகம் என்று கேள்வி.

சோதிப்பவளுக்குத்தான் நிம்மதி வரவில்லை. ஏறிப் பார்க்காமல் அவள் முத்திரை குத்திய பதினோரு வருடத்து ஏணிகள் எத்தனையோ தீயணைப்பு நிலையங்களின் சுவரில் தொங்குகின்றன. அவளுக்கு அது வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நிலையம் நிலையமாகப் போய் ஒவ்வொன்றிலும் ஏறினாள். தம்பி அடியில் பிடித்துக்கொள்வான்.

மூன்றாவது நிலையத்தில் அவள் உச்சிப்படியில் நிற்கும்போது தொலைபேசி அடித்தது. யார் உத்தரவில் ஏறுகிறாள் என்று ரிசீவர் அதிர்ந்தது.

"யாரும்மா இது, இந்தக் கத்து கத்தறாரு?" என்றார் அதை எடுத்த நிலையக் காவலர்.

"எங்க பழைய மேனேஜருங்க. செத்துப் பன்னிரண்டு வருஷமாச்சு."

"அப்படியா" என்று காவலர் ரிசீவரை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, தானும் வந்து ஏணியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார். அவள் குதித்தாள்.