துபாயில் நோன்பு திறக்கும் நேரம்

அம்மா விடியற்காலை சுபுஹு பாங்குக்கு முன்னால் மௌத்தாகிவிட்டாள். அதே நேரத்தில் என் தம்பி காஜா மொய்தீன் துபாயில் ஏரோப்ளேன் ஏறப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். அம்மாவுக்கு முடியவில்லை என்று நாங்கள் கொடுத்த தந்திக்கு, 'வியாழன் காலை ஏழு மணிக்கு ஏறுகிறேன்' என்று பதில் வந்திருந்தது. அவள் போய்விட்டதை வழியில் இருப்பவனுக்கு யார் சொல்வது?

"மத்தியானம் லுஹர் தொழுதுட்டு எடுத்துடலாம். மையத்த வெச்சுகினு இருக்கக் கூடாது" என்றார் நூர்முகமது மாமா. அம்மாவோடு பிறந்த அண்ணன். கோவளத்தில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

நான் சொன்னேன். "காஜா மொகம் பாக்காம எடுக்க வுடமாட்டேன்."

"ஏரோப்ளேன் இன்னா திருப்போரூர் பஸ்ஸா, கைய காட்டுனா வந்து நிக்க? நான் துபாய்க்குக் கப்பல்ல போனவன். அஞ்சு நாளும் வெறும் தண்ணி. அம்மாந்தூரம் கீது."

"அது கப்பலு மாமா. போன தபா பம்பாய்ல மாறி, மெட்ராஸ்ல எறங்கி, ஒம்போது மணி நேரத்துல வூட்டுக்கு வந்துட்டான். ஏழுக்கு ஏறுனா நாலு. அஸருக்கு வந்துடுவான்."

"நீ புடிச்ச முயலுக்கு மூணே காலு. சரி, அஸர் வரிக்கும்தான்."

அஸர் தொழுகையும் முடிந்தது. கார் வரவில்லை. மையத்தைக் கிடத்திய சந்தூக்கை ஆண்கள் தூக்கியதும் வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துவிட்டேன். என்னைத் தொட்டுத் தூக்க எவனுக்குத் துணிச்சல் வரும், பார்த்துவிடலாம் என்றிருந்தது.

"ஒன் கணக்கு தப்பாப் பூடுச்சு, ஜஹனாரா. எந்திரி" என்றார் மாமா.

உள்ளே அலமாரியில் அம்மாவின் கஞ்சிக் கிண்ணம் கவிழ்ந்திருந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. நோன்பு மாதத்தில் நாங்களெல்லாம் கஞ்சி குடித்து எழுந்த பிறகும் அவள் தண்ணீரும் பேரீச்சம்பழமும் மட்டும் எடுத்துக்கொண்டு கிண்ணத்தோடு உட்கார்ந்திருப்பாள். துபாயில் இன்னும் பொழுது சாயவில்லை, பிள்ளை நோன்பு திறக்கவில்லை என்பாள்.

"தப்புதான் மாமா. அவன் சொன்ன ஏழு அந்த ஊரு ஏழு. நமக்கு எட்டரை. அம்மா ஒன்னரை மணி நேரம் கஞ்சிய ஆற வெச்சுகினு யாருக்குக் காத்துகினு கெடந்துச்சு? ஒனக்கு மட்டும் சூரியன் ரெண்டு தபா வுழுதான்னு நீங்கதானே கேலி பண்ணீங்க?"

மாமா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். அவர் கண் கலங்கிவிட்டது.

"எறக்குங்கப்பா. மஃரிபு வரிக்கும் பாப்போம்."

பொழுது இறங்கும் முன் டாக்சி வந்தது. மருந்துப் பையோடு இறங்கியவன் சந்தூக்கைக் கண்டு அப்படியே நின்றான். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் முகத்தைக் காட்டினேன். அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதேன்.

அடக்கம் முடிந்து அவர்கள் திரும்பியபோது பக்கத்து வீட்டு சைதூன் கஞ்சி கொண்டுவந்திருந்தாள். எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. காஜா எதையும் தொடமாட்டேன் என்றான். அவன் கைக்கடிகாரத்தில் இன்னும் துபாய் நேரம்தான் ஓடிக்கொண்டிருந்தது, மணி ஆறு, அங்கே பொழுது சாயும் நேரம்.

அம்மாவின் கிண்ணத்தை எடுத்து அதில் ஊற்றி அவன் முன்னால் வைத்தேன்.

"அம்மா குடிக்கிற நேரம் இது. குடி."

குடித்தான்.