சம்பந்தி வீட்டுக் காற்று

டெஸ்டரக்காவைத் தெரியாதவர்கள் அந்த வட்டாரத்தில் யாரும் இல்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் வாக்காளர் பட்டியலோடு சரி. கொண்டையில் எப்போதும் ஒரு டெஸ்டர் செருகியிருக்கும் என்பதால் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பதினெட்டு வருடமாக டிவி ரிப்பேர்தான் அவள் பிழைப்பு. அவள் கைவைத்த பெட்டி மறுபடி கடைக்கு வராது என்று பேர் வாங்கியிருந்தாள். அந்தப் பேரைக் கெடுக்கவென்றே ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. வேறு எங்கேயும் இல்லை, மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில்.

சம்பந்தி ஒரு பேருந்து நடத்துநர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். குரல் மட்டும் இன்னும் பணியில் இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் உப்பு கேட்டால் கூட அடுத்த தெருவில் இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். எங்கோ ஒரு விடுதியை இழுத்து மூடியபோது அங்கிருந்த புரொஜெக்‌ஷன் டிவியை ஆசைப்பட்டு வாங்கி வந்துவிட்டார். பீரோ மாதிரி ஒரு பெட்டி. உள்ளே சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சின்னக் குழாய்கள் படத்தைக் கண்ணாடியில் அடிக்க, கண்ணாடி அதைத் திரையில் அடிக்கும். வாசல் கதவைக் கழற்றித்தான் உள்ளே கொண்டுபோனார்கள். திரையில் ஓர் ஆள் வந்தால் நிஜ ஆளே கூடத்துக்குள் வந்துவிட்டது போல இருக்கும்.

ஆனால் நாற்பது நிமிடம்தான். அதற்குப் பிறகு 'டக்' என்று ஒரு சத்தம், திரை இருட்டு, கீழே ஒரு சிவப்பு விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். சம்பந்தி போன் போடுவார். டெஸ்டரக்கா பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். அவள் முன்னால் அந்தப் பெட்டி இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம், சமர்த்துப் பிள்ளையாக ஓடும். பின்மூடியைக் கழற்றிப் பார்த்தாள், ஓடியது. மாட்டிப் பார்த்தாள், ஓடியது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் போர்டைத் தட்டித் தட்டிப் பார்த்தாள், அதற்கும் அசரவில்லை. பஸ் ஏறி வீடு போய்ச் செருப்பைக் கழற்றும்போது போன் அடிக்கும்.

"சம்பந்தி, போயிடுச்சு!"

மூன்று ஞாயிற்றுக்கிழமை இதே கதை. மூன்றாவது தடவை சம்பந்தி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

"இது ரிப்பேரே இல்லைங்க. உங்க கைராசி! நீங்க பக்கத்துல உக்காந்தா போதும், அதுக்கு ஒரு தெம்பு வந்துடுது."

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். டெஸ்டரக்காவுக்குச் சுருக்கென்றது. கைராசியாம்! ஆண்கள் மட்டும் இருந்த வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படித்தது எதற்கு? விரலெல்லாம் சூடுபட்டது எதற்கு? ஷாக் அடித்து ஒரு நாள் முழுக்கக் கை உதறிக்கொண்டு கிடந்தது எதற்கு? வேறு யார் சொல்லியிருந்தாலும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பாள். சம்பந்தியை என்ன சொல்வது? சிரித்துவிட்டு வந்தாள், உள்ளே புகைந்துகொண்டு.

நாலாவது வாரம் அவர் பேசியது அந்தப் புகைச்சலில் எண்ணெய் ஊற்றியது. "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஃபுட்பால் ஃபைனல். தெருவுக்கே சொல்லிட்டேன். நீங்க ஒண்ணும் செய்ய வேணாம் சம்பந்தி. நாலுலேர்ந்து ஆறு வரைக்கும் பெட்டி பக்கத்துல சும்மா உக்காந்திருங்க. உங்களுக்குன்னு தனி நாற்காலியே போட்டுடறேன்."

டெஸ்டரக்காவுக்கு ஃபுட்பால் என்றால் உயிர். ஆனாலும் இப்படி உட்கார்ந்து பார்ப்பதற்குப் பார்க்காமலே இருக்கலாம். ஞாயிறு காலை பத்து மணிக்கே, கடையிலிருந்த, வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டர் நாலையும் அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு போய் இறங்கினாள். இன்றைக்குப் பழுதைக் கண்டுபிடித்தால் மெக்கானிக். இல்லையென்றால் காலம் முழுக்கக் கைராசிக்காரி.

"வாங்க, வாங்க!" சம்பந்தியம்மா வாசலுக்கே வந்துவிட்டாள். உபசாரத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. டெஸ்டரக்கா பெட்டிக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்ததுமே, இடமும் வலமும் ஆடிக்கொண்டிருந்த பெரிய ஸ்டாண்டு ஃபேனின் குமிழை அழுத்தி நிறுத்தி, நேராக அவள் பக்கம் திருப்பி வைத்தாள். "எப்படி வேர்க்குது பாருங்க. காத்து வாங்குங்க மொதல்ல."

டெஸ்டரக்கா வேலையில் இறங்கினாள். இந்தப் பெட்டியின் பவர் சப்ளை ஏழெட்டு வோல்டேஜ்களைப் பிரித்துக் கொடுக்கும். அவற்றில் ஏதாவது ஒன்று அளவு மீறி ஏறினாலோ இறங்கினாலோ ஷட்டவுன் சர்க்யூட் உடனே ரிலே சுவிட்சைத் தட்டிப் பெட்டியை அணைத்துவிடும். அந்த 'டக்' அதுதான். அணைந்த பிறகு அளந்தால் எல்லாமே பூஜ்யம் காட்டும். எது முதலில் தப்பு செய்தது என்று தெரியாது. அணைகிற அந்த நொடியில் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். அதற்குத்தான் நாலு மீட்டர்.

மகளின் கணவன் பக்கத்தில் வந்து குனிந்தான். நல்ல பையன்தான், ஆனால் போனில் எதையாவது பார்த்துவிட்டு வந்து யோசனை சொல்வான்.

"அத்தை, ஒரு வீடியோல பாத்தேன். அந்த ஷட்டவுனுக்குப் போற ஒயரை வெட்டி விட்டுட்டா அணையவே அணையாதாம்."

"நாய் குரைக்குதுன்னு அது வாயைக் கட்டிட்டா திருடன் போயிடுவானா மாப்பிள்ளை? அது அணைக்கறதாலதான் இந்த மூணு குழாயும் இன்னும் கருகாம இருக்கு. அது நம்ம கட்சி. திருடன் வேற எங்கேயோ இருக்கான்."

மாப்பிள்ளை நைசாக நகர்ந்துவிட்டான். மீட்டர்களை மாட்டி, பெட்டியைப் போட்டுவிட்டு அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நாற்பது நிமிடம் ஆனது. ஒரு மணி நேரம் ஆனது. நாலு மீட்டரிலும் எண்கள் அசையவில்லை. கூடத்தில் சம்பந்தி நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டே, "பாத்தியா, நான் சொல்லலே?" என்று மனைவியிடம் ரகசியம் பேசினார். அந்த ரகசியம் எதிர்வீட்டு மாடிவரை கேட்டிருக்கும்.

ஒன்றரை மணி நேரம் ஆனதும் அவளுக்கு மண்டை காய்ந்தது. குறித்து வைத்திருந்த அளவுகளை மறுபடி பார்க்கலாம் என்று மடியிலிருந்த துண்டுக் காகிதத்தை எடுத்தாள். அது கைநழுவிப் பறந்தது. பறந்துபோய்ப் பெட்டியின் பக்கவாட்டில், காற்றுப் போக வெட்டியிருந்த பிளவுகளின் மேல் பளிச்சென்று ஒட்டிக்கொண்டது. விழவே இல்லை. படபடவென்று அடித்துக்கொண்டு அங்கேயே நின்றது.

டெஸ்டரக்கா காகிதத்தைப் பார்த்தாள். ஃபேனைப் பார்த்தாள். மறுபடி காகிதத்தைப் பார்த்தாள். பிறகு தன் நெற்றியில் தானே ஒன்று போட்டுக்கொண்டாள்.

"சம்பந்தியம்மா! நான் வர்றப்ப எல்லாம் ஃபேனை இப்படித்தான் திருப்பி வைப்பீங்களா?"

"ஆமா, பின்னே? வந்தவங்களுக்கு வேர்க்க வுடுவாங்களா?"

"நான் போனதும்?"

"சோபா பக்கம் திருப்பிடுவோம்."

"அதை நிறுத்துங்க. உடனே."

சம்பந்தியம்மாவின் முகம் சுண்டிப்போனது. "ஏன் சம்பந்தி, எங்க வீட்டுக் காத்து பிடிக்கலையா?"

"ஐயோ, அப்படி இல்லைங்க..."

"பிடிக்கலைன்னா சொல்லிடுங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

மகள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, அம்மாவிடம் கண்ணாலேயே கெஞ்சினாள். மாமியார் வீட்டு ஃபேனை நிறுத்தச் சொன்ன சம்பந்தி என்று பேர் வந்தால், அதைக் காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கப் போவது அவள்தானே. டெஸ்டரக்கா எழுந்துபோய்த் தானே சுவிட்சை அணைத்தாள். திரும்பி வந்து பின்மூடியையும் மாட்டினாள். மீட்டர் ஒயர்கள் மட்டும் அடியில் வால் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன.

கூடம் கொதித்தது. சம்பந்தி சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். சம்பந்தியம்மா முந்தானையால் விசிறிக்கொண்டாள், வேண்டுமென்றே சத்தமாக. பத்து நிமிடம், இருபது நிமிடம். டெஸ்டரக்காவின் மூக்கு நுனியிலிருந்து வேர்வை சொட்டியது. அவள் துடைக்கக்கூட இல்லை.

முப்பத்தியோராவது நிமிடம். மூன்று மீட்டர்கள் சும்மா இருக்க, பதினைந்து காட்டிக்கொண்டிருந்த மீட்டர் மட்டும் பதிமூன்று என்றது, பதினொன்று என்றது. 'டக்.'

"போச்சு!" என்று துள்ளி எழுந்தாள் டெஸ்டரக்கா. "போச்சு, போச்சு! அப்படியே போச்சு!"

ரிப்பேருக்கு வந்தவள் பெட்டி அணைந்ததற்கு இப்படிக் குதித்ததை அந்த வீட்டார் அதற்கு முன் பார்த்ததில்லை. சம்பந்திக்கு உலகமே கவிழ்ந்துவிட்டது. "நீங்க இருக்கறப்பவே போயிடுச்சே!" என்றார்.

பிளக்கைப் பிடுங்கி, உள்ளே தேங்கியிருந்த மின்சாரத்தை வடித்துவிட்டு, போர்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து லென்ஸ் வைத்துப் பார்த்தாள். அந்தப் பதினைந்து வோல்ட் தருகிற ரெகுலேட்டர் என்ற சின்னச் சில்லின் ஒரு காலைச் சுற்றி, அதைப் போர்டோடு பிடித்திருந்த ஈயத்தில் முடியை விட மெல்லிசாக வட்டமாய் ஒரு விரிசல். சூடேறினால் கால் விட்டுப்போகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். மூன்று வாரமாகச் சம்பந்தியம்மாவின் உபசாரம் அதை ஆற ஆற வைத்திருக்கிறது.

லென்ஸைச் சம்பந்தியிடம் கொடுத்தாள். அவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், மறு கண்ணை மூடிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே."

பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதிதாக வைத்தாள். அந்த வரிசையில் சந்தேகப்பட்ட மற்றக் கால்களுக்கும் சாலிடர் போட்டாள். மூடியை மாட்டி, ஃபேன் இல்லாமல் ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டினாள். பதினைந்து, பதினைந்து, பதினைந்து. மூன்றரை மணி ஆகிவிட்டது.

"இப்ப நம்புறீங்களா?"

சம்பந்தி தாடையைச் சொறிந்தார். "ஓடுது, இல்லேங்கலை. ஆனா நீங்க பக்கத்துலயே இருக்கீங்களே?"

அவ்வளவுதான். டெஸ்டரக்கா மீட்டர்களைப் பையில் போட்டாள். தெருக்காரர்கள் உள்ளே வந்து நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். திரையில் இரண்டு அணிகளும் வரிசையாக நின்றன, ஆள் உயரத்துக்கு, புல்வெளியே வீட்டுக்குள் வந்துவிட்டது போல. அவளுக்கு வயிறு எரிந்தது.

"நான் கிளம்பறேன்."

"மேட்ச்?" என்றாள் மகள்.

"நான் இங்க இருந்தா அது ஓடுறதுக்கு அர்த்தமே இல்லைடி."

தெருமுனை பஸ் நிறுத்தத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். இரண்டு பஸ் வந்தன, போயின. ஏறவில்லை. மடியில் பை, கையில் போன், கண் கடிகாரத்தில். இருபது நிமிடம். முப்பது. அந்த வீட்டிலிருந்து கூச்சல் வந்தபடி இருந்தது. கூச்சல் வரும்வரை படம் ஓடுகிறது என்று அர்த்தம். ஒருவேளை வேறு கால் எதையாவது கவனிக்காமல் விட்டிருந்தால்? முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.

நாற்பத்தியோராவது நிமிடம் தெருவே அதிர ஒரு "ஐயோ!" கேட்டது. பிறகு அமைதி.

போச்சு, மானம் போச்சு. தெருவே பார்த்துக்கொண்டிருக்கும்போது பெட்டி அணைந்துவிட்டது. போன் இப்போது அடிக்கும் என்று காத்திருந்தாள். அடிக்கவில்லை. அடுத்த பஸ்ஸுக்குக் கை காட்டிவிடலாமா என்று எழுந்தாள்.

"ஹோல்டான்! ஹோல்டான்!"

சம்பந்தி. ஒரு காலில் தன் செருப்பு, மறு காலில் வேறு யாருடையதோ. அவர் போட்ட சத்தத்தில் வந்த பஸ்ஸும் நின்றுவிட்டது.

"ஏன் ஓடி வர்றீங்க? அணைஞ்சுடுச்சா?"

"பெனால்டிங்க! கம்பத்துல அடிச்சுட்டான் படுபாவி!" மூச்சு வாங்கியது. "இப்ப இடைவேளை. முழுசா நாற்பத்தஞ்சு நிமிஷம் ஓடிடுச்சு. ஃபேன் சோபா பக்கம் இருக்கு. இன்னமும் ஓடுது சம்பந்தி!"

"நான் இல்லாமலா?"

"நீங்க இல்லாமத்தான்!"

குனிந்து அவள் பையைத் தூக்கிக்கொண்டார், நின்ற பஸ்ஸுக்குத் தட்டி "ரைட்!" கொடுத்து அனுப்பினார், முன்னால் நடந்தார். டெஸ்டரக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே பின்னால் போனாள். சிரிப்பும் வந்தது.

கூடத்துக்குள் நுழைந்ததும் அவர் தன் பழைய குரலை முழுசாக எடுத்தார். "எல்லாரும் கொஞ்சம் தள்ளி உக்காருங்க. எங்க சம்பந்தி. மெக்கானிக். ரெகுலேட்டர்ல ஒரு கால், அதைச் சுத்தி விரிசல், முடி மாதிரி. லென்ஸ் வெச்சுப் பார்த்தாத்தான் தெரியும். நானே பாத்தேன்!"

தெரியவில்லை என்று சொன்ன மனிதர். டெஸ்டரக்கா அதைக் காட்டிக்கொடுக்கவில்லை. நடுவரிசையில் அவளுக்காக இடம் விட்டிருந்த நாற்காலியில், பெட்டியிலிருந்து நல்ல தூரத்தில், உட்கார்ந்தாள். சம்பந்தியம்மா மட்டும் மூலையில் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

"சம்பந்தியம்மா," என்றாள் டெஸ்டரக்கா, "ரொம்ப வேர்க்குதுங்க. அந்த ஃபேனைக் கொஞ்சம் என் பக்கம் திருப்புறீங்களா?"

சம்பந்தியம்மா எழுந்து வந்த வேகத்தில் இரண்டு பேர் காலை இழுத்துக்கொண்டார்கள். குமிழை அழுத்தி நேராகத் திருப்பி வைத்தாள், காற்று சரியாக வருகிறதா என்று கையை நீட்டியும் பார்த்தாள். இரண்டாவது பாதி ஆட்டம் தொடங்கியது.