பிறந்த வீட்டுக் கோடி

கழுத்தில் கழலையைச் சுமந்துகொண்டு வருடக்கணக்காக மூச்சு முட்டியவள் நான், ஸகீனா. அதை அறுத்தே ஆக வேண்டும் என்றார்கள். ஆனால் என் ரத்த வகை பதுளை முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. டாக்டர் குமாரசிங்கம்தான் வழி சொன்னார். ஒப்பரேஷனுக்கு முன்பே என் ரத்தத்தை எடுத்துக் குளிரில் வைத்து, அறுக்கும்போது எனக்கே திருப்பி ஏற்றுவது. இரண்டு போத்தல் எடுத்தார்கள். உடம்பு தேற என் கணவர் ஜுனைதீன் ஈரல் வாங்கிக் கொடுத்தே இறைச்சிக் கடைக்காரனை வாழவைத்தார்.

ஒப்பரேஷனுக்கு முதல் நாள் டாக்டர் என் கட்டிலருகே வந்து நின்றார்.

"அம்மா, பூனாகலைத் தேயிலைத் தோட்டத்திலை இருந்து ஒரு பொம்பிளையைக் கொண்டு வந்திருக்கினம். குழந்தை பிறந்திட்டுது, ரத்தம் நிக்கேல்லை. அவவின்ரை வகை இஞ்சை இல்லை. உங்கடை ரத்தம் ஆருக்கும் ஏத்தலாம். நீங்கள் ஓமெண்டால் மட்டும்தான்."

"ஏலாது," என்றார் ஜுனைதீன். "தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும்."

அவர் சொன்னது நியாயம். எனக்கும் மனம் வரவில்லை. இன்றைக்குப் பார்த்தா இவளைக் கொண்டு வந்தார்கள் என்று எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"குடுத்திருங்க டொக்டர்," என்றேன்.

என் ஒப்பரேஷன் தள்ளிப்போனது. இனி உடம்பு தேறி, முதலிலிருந்து ரத்தம் எடுக்க வேண்டும். அதுவரை கழலை பொறுக்குமா என்று டாக்டருக்கே தெரியவில்லை. ஜுனைதீன் கோபத்தோடு என்னை வீட்டுக்குக் கூட்டி வந்தார்.

இரண்டொரு நாளில், நான் எங்கள் புடவைக்கடையின் உள்ளே உட்கார்ந்திருந்தபோது, தோட்டத்து ஆள் ஒருவர் விசாரித்துக்கொண்டு வந்தார். அந்தப் பெண் தனலெட்சுமியின் புருஷன்.

"அவ போய்ட்டா, மொதலாளி."

"வீணாப் போச்சே!" என்று வாய்விட்டே சொன்னார் ஜுனைதீன். அல்லாஹ் மன்னிக்கட்டும், எனக்கும் அதேதான் தோன்றியது.

"வீண் இல்லீங்க. கண்ணத் தொறந்து, புள்ளய வாங்கி மடியில வச்சிப் பாத்துட்டுத்தான் போனா."

பிறகும் அவர் நகரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு பேசினார்.

"அவ அப்பன் ஆத்தா, அண்ணன் தம்பி எல்லாரும் கப்பலேறி இந்தியாவுக்குப் போய்ட்டாங்க. பொறந்த வீட்டுக் கோடி போடாம பொணத்த எடுக்கக் கூடாதுங்க. ஒங்க வீட்டம்மா ரத்தம் அவ ஒடம்புல ஓடுச்சு. அவங்க வந்து ஒரு சேல போடுவாங்களான்னு லயத்துல இருக்கிற அத்தன குடும்பமும் காத்துக்கிட்டு இருக்கு."

எனக்கு அழுகை வந்தது. அழுதால் மூச்சு அடைக்கும். அடைக்க அடைக்க அழுதேன்.

ஜுனைதீன் ஏணியில் ஏறினார். மேல்தட்டில் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த சேலைகளில் ஒன்றை இறக்கினார். விலைச்சீட்டைப் பிய்த்துப் போட்டுவிட்டுக் கடைக் கதவைச் சாத்தினார்.

"எழும்பு ஸகீனா," என்றார். "பொறந்த வூட்டாக்கள் பிந்தப்படாது."